அண்ணைக்கு நீங்கள் போட்ட பெறுமதி

அண்ணையை லீக்கிலிருந்து தூக்கியது நீங்கள்தான். எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று இப்போது சொல்லித் திரிகிறீர்கள். பொய். ஒருவரும் கை உயர்த்தவில்லை. ஒருவரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட. நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்ததை முடிவு என்று சொல்ல உங்களுக்கு வெட்கமில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நேரில் நாம் இருவரும் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்கிறவர்கள். இங்கே நீங்கள் என்றே எழுதப்போகிறேன். மச்சான் என்று எழுதத் தொடங்கினால் பாதியில் எனக்கு மனம் இளகிவிடும்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்களுடையது கால்பந்து லீக், ஆனால் காலால் உதைக்கிற பந்து அல்ல. தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஆளை ஆள் முட்டி விழுத்துகிற அமெரிக்க ஆட்டம். மொன்றியலில் ஹொக்கிக்குத்தான் முதல் மரியாதை. ஆனால் டவுன்டவுன் உணவகமொன்றில் கோப்பை கழுவ வந்த எங்களுக்கு இந்த ஆட்டம்தான் ஒட்டிக்கொண்டது. ஞாயிறு மதியம் உணவகத்து பாரில் அது ஓடிக்கொண்டிருக்கும். கழுவுகிற இடத்திலிருந்து கதவிடுக்கால் பார்க்கலாம். அண்ணை அங்கே சமையலில் நின்றார். எங்களில் முதன்முதலாக இந்த ஆட்டத்தின் விதிகளை விளங்கிக்கொண்டவர் அவர். கையில் கரண்டியோடு நின்று எங்களுக்கு விளங்கப்படுத்துவார். எனக்கு அவர் சொந்த அண்ணன் அல்ல. உங்களுக்கும் அல்ல. அந்தச் சமையலறைக்குள் வந்த எல்லாத் தமிழனுக்கும் அவர் அண்ணை.

பிறகு எல்லோரும் வேறு வேறு வேலைகளுக்குப் போனோம். நான் லாசாலில் ஒரு பெட்டி செய்யும் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிறேன். நீங்கள் வீடு விற்றுக்கொடுக்கும் முகவர். அண்ணை ஓய்வுபெற்று மகனோடு, நகரத்தின் ஓரத்துத் தீவான இல்-பிசாரில் இருக்கிறார். வாரத்தில் ஒருநாளாவது எல்லோரும் சேரவேண்டும் என்று லீக்கைத் தொடங்கியவரும் அவர்தான். பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு கற்பனை அணி. உண்மையான வீரர்களை ஓகஸ்ட் மாதத்தில் ஏலத்தில் எடுப்போம். அவர்கள் உண்மையான ஆட்டத்தில் செய்வது எங்களுக்குப் புள்ளிகளாகும். லீக்கை நடத்துகிறவருக்குக் கொமிஷனர் என்று பெயர். உங்களுக்கு வாய் இருந்தது, பெரிய ரீவியோடு நிலவறை இருந்தது, நீங்கள் கொமிஷனர் ஆனீர்கள்.

மற்றவர்கள் விளையாடுவதுபோல வருடத்துக்கு வருடம் புது அணி எடுக்கிற விளையாட்டு எங்களுக்குப் பத்தவில்லை. நாங்கள் ஒப்பந்தமும் வைத்தோம். ஒரு வீரனை எடுத்தால் அவனுக்கு ஒன்று முதல் நாலு வருடம்வரை ஒப்பந்தம் எழுதவேண்டும். எல்லா அணிக்கும் செலவுக்கு ஒரே உச்சவரம்பு. அதைத் தாண்ட முடியாது. ஒருவனுக்குக் கூடக் கொடுத்தால் இன்னொருவனை விடவேண்டும். ஒப்பந்தம் முடியமுன் ஆளை வெட்டினால் அவன் விலையில் பாதி உங்கள் கணக்கிலேயே கிடக்கும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் செத்த காசு.

அது நாங்கள் கண்டுபிடித்ததல்ல. உண்மையான அணிகளிலும் அப்படித்தான். கையெழுத்துப் போடும் நாளிலேயே வீரனிடம் ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிடுவார்கள். கணக்கில் மட்டும் அதை ஒப்பந்த வருடங்களுக்குப் பிரித்து எழுதுவார்கள். நடுவில் ஆளை வெட்டினால் எழுதாமல் இருக்கிற மிச்சமெல்லாம் ஒரேயடியாகக் கணக்கில் வந்து விழும். ஆள் போயிருப்பான். ஆனால் அவனுக்குக் கொடுத்தது உச்சவரம்புக்குள் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்.

எனக்கு இந்தப் பைத்தியம் மற்றவர்களைவிடக் கூட. வேலை இடைவேளைகளில் உட்கார்ந்து ஒரு அட்டவணை செய்தேன். வீரனின் வயது, தவறவிட்ட ஆட்டங்கள், எந்த மூட்டில் சத்திரசிகிச்சை, ஒப்பந்தத்தில் மிச்ச வருடம், அவனுக்கு முன்னால் நின்று வழி திறக்கிறவர்கள் நல்லவர்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். கடைசியில் ஒரு எண் வரும். அதுதான் பெறுமதி. எண் விலையைவிடக் கூட என்றால் வைத்திரு, குறைவு என்றால் வெட்டு. அட்டவணையின் தலையில் நான் ஒரு வரி எழுதியிருந்தேன்: செய்ததற்கு அல்ல, செய்யப்போவதற்கே விலை. அந்த வரியில் எனக்குப் பெருமை இருந்தது. எல்லோருக்கும் இலவசமாக அனுப்பினேன். உங்களுக்கும்.

அண்ணை அந்த அட்டவணையைப் பார்க்கவே மாட்டார். அவர் லீக்கில் கடைசிக்கு மேலே வந்தது குறைவு. காரணம் லேசானது. அவருக்கு வெட்டத் தெரியாது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு உடம்பு சீக்கிரம் போய்விடும். முப்பது வயதுக்குக் கிட்டப் போனால் யோசிக்காமல் விடவேண்டும். அண்ணை முப்பது தாண்டிய ஒருவனுக்கு நாலு வருட ஒப்பந்தம் எழுதினார். இந்த ஓகஸ்டில் உங்கள் நிலவறையில் நடந்த ஏலத்திலும் முதல் பகிடி அதுதான்.

"அண்ணை, உங்கட ஓட்டக்காரன் இப்ப பென்ஷன் எடுக்கிறானாம், உண்மையே?" என்று நீங்கள் தொடங்கினீர்கள்.

"எடுக்கட்டும். எனக்கு ரெண்டு வருசம் ஓடித் தந்தவன். முழங்கால் நோகுது எண்டாப்போல தெருவில விடுறதே?"

"அவனுக்கு உங்களைத் தெரியாது அண்ணை."

"எனக்கு அவனைத் தெரியும்தானே."

எல்லோரும் சிரித்தோம். அதில் பிழையில்லை. அண்ணையும் பகிடியை எதிர்பார்த்துத்தான் வருவார்.

ஏலம் முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீங்கள் ரீவியில் எதையோ போட்டீர்கள். என் அட்டவணை. அதே நிறங்கள், அதே கட்டங்கள், தலையில் அதே வரி. வீரர்களின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எங்கள் பெயர்கள். வயது. நோய்கள். ஏலத்துக்குப் பிந்தி வந்த தடவைகள். வட்ஸ்அப்பில் பதில் போடுகிற வேகம். அணி பிடித்த இடங்கள். கடைசியில் பெறுமதி.

"பிழையெண்டா மச்சானைக் கேளுங்கோ, அவன்ர அட்டவணைதான்" என்று என்னைக் காட்டினீர்கள்.

ஒவ்வொருவராக வாசித்தீர்கள். என்னுடைய வரியில் நாரி நோ, குனிய முடியாது, விலை மலிவு, வைத்திருக்கலாம் என்று இருந்தது. நான் சிரித்தேன். பெறுமதி கூடியவர் என்று உங்களையே முதலாவதாகப் போட்டிருந்தீர்கள். அதற்கும் சிரித்தார்கள். அண்ணையின் பெயர் அடியில் இருந்தது. கண் சத்திரசிகிச்சை, நெஞ்சுக்குள் ஒரு குழாய், கார் ஓட்டுவதில்லை, குழுவில் வருவதை வாசிப்பதில்லை. முடிவு: வெட்டலாம். பக்கத்தில், செத்த காசு இல்லை.

அண்ணை கண்ணாடியை உயர்த்தி ரீவியைப் பார்த்தார்.

"அப்ப என்னை ஒருத்தரும் எடுக்கமாட்டியள்போல."

"இறைச்சி ரோல்ஸ் பொரிச்சுக்கொண்டு வந்தா யோசிக்கலாம்" என்று மூலையிலிருந்து ஒருவர் சொன்னார். அண்ணையும் சேர்ந்து சிரித்தார்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லாவிட்டால் மிச்சத்தை எழுதக்கூடாது. நான் அண்ணையின் முகத்தைப் பார்க்கவில்லை. ரீவியைப் பார்த்தேன். எண் சரியாக வருகிறதா என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது. வயதுக்கு நீங்கள் கொடுத்த நிறை கொஞ்சம் கூடவோ என்று யோசித்தேன். ஒரு மனிதனை, எனக்குச் சோறு போட்ட மனிதனை, எல்லோருக்கும் முன்னால் குப்பையில் போடுகிறார்கள், எனக்குக் கணக்குத்தான் முதலில் கண்ணில் பட்டது. கோபம் பிறகுதான் வந்தது. மிகவும் பிந்தி.

பிறகு நீங்கள் சொன்னீர்கள், புதிதாக ஒருவர் சேரக் கேட்கிறார், சென்னைப் பெடியன், ஐடி கொம்பனியில் வேலை, ஆட்டம் நன்றாகத் தெரிந்தவன், ஆனால் பன்னிரண்டுக்கு மேல் இடமில்லை, யோசிப்போம் என்று. அண்ணையின் வரி ரீவியில் அப்படியே இருந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இதைத்தான் முடிவு என்கிறீர்கள்.

அண்ணையை வீட்டில் விடுவது என் வேலை. இல்-பிசாருக்கு பஸ் குறைவு, ஞாயிற்றுக்கிழமையில் இன்னும் குறைவு. பாலம் ஏறும்போது கேட்டார்.

"அது பகிடிதானே தம்பி?"

"ஓம் அண்ணை. பகிடிதான்."

"உன்ர அட்டவணை எண்டு சொன்னான்."

"நான் விளையாடுற ஆக்களுக்குத்தான் செய்தனான்."

"நானும் விளையாடுறன்தானே" என்றார். அதிலும் அவருக்கு ஒரு சிரிப்பு இருந்தது. வாசலில் இறங்கும்போது ஆட்டங்கள் தொடங்குகிற முதல் ஞாயிறு எல்லோருக்கும் ரோல்ஸ் கொண்டுவருவது தன்னுடைய முறை என்று ஞாபகப்படுத்தினார்.

அந்த வாரத்திலேயே எனக்குத் தொலைபேசி எடுத்தார். தன் போன் பழுதாம், லீக்கின் வட்ஸ்அப் குழுவில் ஒன்றும் வருவதில்லையாம். பேரப்பிள்ளை போனைப் பிரெஞ்சில் போட்டு வைத்திருக்கிறது, அடியில் ஏதோ ஒரு வரி நிற்கிறது, அது என்ன என்று கேட்டார். எழுத்துக்கூட்டி வாசித்தார். எனக்கு விளங்கிவிட்டது.

"போன் பிழையில்லை அண்ணை. உங்களைக் குழுவில இருந்து தூக்கிப்போட்டார்."

பின்னால் பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை பிடிக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப பகிடி இல்லை" என்றார். போனை வைத்தார்.

நான் உங்களுக்குப் போன் எடுத்தேன். நீங்கள் சொன்ன பதிலை நான் மாற்றாமல் எழுதுகிறேன்: "மச்சான், இது விளையாட்டு. சங்கமில்லை. அந்தாளுக்கு இப்ப இதுகள் விளங்கிறதும் இல்லை. நீயே எத்தினை தரம் சொல்லியிருப்பாய், வெட்டவேண்டிய நேரத்தில வெட்டவேணுமெண்டு." உண்மைதான். சொல்லியிருக்கிறேன். பேந்து கதைப்பம் என்று வைத்துவிட்டீர்கள். பிறகு கதைக்கவேயில்லை.

முதல் ஞாயிறு அண்ணை வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். என்னிடம் சொல்லவுமில்லை. பஸ் ஏறி, மெற்றோ ஏறி, திரும்ப பஸ் ஏறி, மடியில் ஒரு பெரிய பெட்டியோடு லாசாலில் இருக்கிற உங்கள் வீட்டுக்கு வந்தார். முறை என்றால் முறை, அவ்வளவுதான். எங்கள் ஆட்களுக்கு இது தெரியும். செத்த வீட்டுக்குச் சாப்பாடு கொடுப்பதென்றால் பேச்சுவார்த்தை இல்லாத கோபக்காரனும் தன் முறைக்குக் கொண்டுவந்து கொடுப்பான். அண்ணையை லீக்கில் வைத்திருக்கவில்லை என்பது வேறு, அவருடைய முறை வேறு. அவர் அப்படித்தான் பார்த்தார்.

நீங்கள் நிலவறை வாசல் படியில் நின்றீர்கள், நான் உங்களுக்குப் பின்னால். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. பெட்டியை வாங்கினீர்கள்.

"ஏன் அண்ணை கஸ்டப்பட்டனீங்கள்? தந்திட்டுப் போங்கோவன், பேந்து பஸ் இருக்காது."

அண்ணை எனக்குப் பின்னால் இருந்த ரீவியை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். ஆட்டம் தொடங்கியிருந்தது. "ஓம், வாறன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். நான் காரில் விடுகிறேன் என்று ஓடினேன். கையைக் காட்டி மறித்தார். "நீ போய் உன்ர ஆட்டத்தைப் பார்" என்றார்.

உள்ளே வந்தேன். பெட்டி திறந்து கிடந்தது. எல்லோரும் தின்றுகொண்டிருந்தார்கள். சூடு ஆறவில்லை, துணி சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார். என் கையிலும் ஒன்றை வைத்தார்கள். நானும் தின்றேன். நல்ல ருசி. அதை எழுதும்போதும் எனக்கு வாய் கசக்கிறது.

சென்னைப் பெடியன் எனக்குப் பக்கத்தில் இருந்தான். நல்ல பெடியன். அவன்தான் கேட்டான்.

"அண்ணா, அந்த அங்கிள் ஏன் போயிட்டாரு? அவர் டீம் எது?"

"அவருக்கு டீம் இல்லை. அவற்ற இடத்திலதான் நீர் இருக்கிறீர்."

அவன் கையில் இருந்ததைத் தட்டில் வைத்தான். "எனக்காக அவரைத் தூக்கினாங்களா? அது தெரிஞ்சிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேனே. அவர்தான் வீடு காட்டும்போது, நம்ம லீக்ல ஒரு இடம் காலியா இருக்கு, வாங்கன்னு சொன்னாரு" என்று உங்களைக் காட்டினான்.

அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது, அவன் வீடு வாங்க உங்களோடு சுற்றிக்கொண்டிருக்கிறான் என்று. அவன் அடுத்த வாரம் வரவில்லை. அணியைத் திருப்பித் தருகிறேன், அங்கிளிடமே கொடுங்கள் என்று குழுவில் ஆங்கிலத்தில் எழுதினான். நீங்கள் பெருவிரலை உயர்த்திக் காட்டும் படத்தைப் போட்டுவிட்டு, அணியை உங்கள் மைத்துனருக்குக் கொடுத்தீர்கள்.

நான் இல்-பிசாருக்குப் போனேன். அண்ணை வீட்டின் பின்புறம் இலை கூட்டிக்கொண்டு நின்றார். பெரிய வளவு, நல்ல வீடு, சுற்றவர ஒரு சத்தமில்லை. மகனும் மருமகளும் வேலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம். பகலில் அவர் தமிழ் கதைக்க அந்தத் தெருவில் ஒரு ஆளில்லை. தேத்தண்ணி போட்டுத் தந்தார். என் அணியை இருவரும் சேர்ந்து நடத்துவோம், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்து கூட்டிப்போகிறேன் என்றேன்.

"வெட்டின ஆள் உடுப்பு மாத்திற அறைக்குள்ள வாறதில்லை தம்பி. உனக்குத் தெரியாததே."

"அண்ணை, அந்தக் கணக்குப் பிழை."

"உன்ர கணக்குப் பிழைக்காது" என்றார். கோபமில்லாமல் சொன்னார். இலை கூட்டப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது காரை ஓரம்கட்டி நிறுத்திவிட்டு யோசித்தேன். கணக்கு பிழைதான். எங்கே பிழை என்று எனக்கு அப்போது தெரிந்தது. நீங்கள் அண்ணைக்குச் செத்த காசு இல்லை என்று எழுதினீர்கள். அந்த ஈவிரக்கமற்ற தொழிலில்கூட, ஆளை வெட்டினபிறகும், ஏற்கெனவே கொடுத்தது கணக்கில் நிற்கும். அதை அழிக்க முடியாது. அங்கே கொடுத்தது அணி. இங்கே கொடுத்தது அண்ணை. நீங்கள் இந்த நகரத்துக்கு வந்த குளிரில் அவருடைய வரவேற்பறையில் படுத்தீர்கள். அவருடைய மேற்சட்டையைப் போட்டுக்கொண்டுதான் முதல் வேலைக்குப் போனீர்கள். அந்த வேலையும் அவர் முதலாளியிடம் கெஞ்சி எடுத்தது. நானும் அதே வரவேற்பறையில் படுத்தவன். எங்கள் பன்னிரண்டு பேரில் பாதிப் பேர் அங்கே படுத்தவர்கள். இதற்கு என் அட்டவணையில் கட்டமில்லை. வீரர்களுக்கு அது தேவைப்படவில்லை. நீங்கள் மனிதர்களை அதற்குள் போட்டபோது ஒரு கட்டம் கூட்டியிருக்கவேண்டும். கூட்டவில்லை. நான் கூட்டச் சொல்லவுமில்லை.

அட்டவணையை அழித்துவிட்டேன். லீக்கையும் விட்டுவிட்டேன். இதைப் பெரிய தியாகம் என்று சொல்லவில்லை. அண்ணைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். சிலநேரம் கதவைத் திறக்கிறார், சிலநேரம் நித்திரை என்று மருமகள் சொல்கிறார். ரீவியில் ஆட்டம் போடுவோமா என்று கேட்டால், அந்தச் சனல் இந்த வீட்டில் இல்லை என்கிறார். இருக்கிறது. எனக்குத் தெரியும்.

இதை எழுதாமலும் இருந்திருப்பேன். போன வாரம் பழைய மாணவர் சங்கத்தின் துண்டுப்பிரசுரம் கைக்கு வந்தது. ஆண்டு விழாவில் நீங்கள் சிறப்புப் பேச்சாளர். தலைப்பு, புலம்பெயர்ந்த முதியோரின் தனிமை. உங்கள் படமும் போட்டிருக்கிறார்கள், கோட்டு சூட்டோடு. தனிமையைப் பற்றி நீங்கள் அழகாகப் பேசுவீர்கள். சிலர் அழுவார்கள். பிறகு சிலர் உங்கள் மூலமாக வீடும் வாங்குவார்கள்.

பேசுங்கள். ஆனால் பேசுமுன் அந்த மேடையில் பதில் சொல்லுங்கள். எனக்குத் தனியாகப் போன் எடுத்துச் சமாதானம் சொல்லவேண்டாம், நான் எடுக்கமாட்டேன். வட்ஸ்அப் குழுவிலும் எழுதவேண்டாம், அதற்குள் அண்ணை இல்லை. சபையில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, அவருடைய பெயரைச் சொல்லிப் பதில் சொல்லுங்கள். அவரைத் தூக்கியது விளையாட்டுக்காகவா, வீடு வாங்க வந்தவனுக்கு இடம் கொடுப்பதற்காகவா? அவன் அந்த இடத்தைத் திருப்பித் தந்தபிறகும் ஏன் அண்ணையைக் கூப்பிடவில்லை? நான் முன்வரிசையில் இருப்பேன். பதில் வராவிட்டால் எழுந்து நின்று திரும்பக் கேட்பேன்.